செல்லையா அண்ணரின் சிவப்புத் துணி

பேய்க் கதை சொல்லுகிறவர்களை நக்கலடித்தே காலம் போக்கியவன் நான். எது பழுதானாலும் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும், அவ்வளவுதான் என் வேதம். நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அங்கே கருவிகள் திருத்துகிற வேலை எனக்கு. எனக்கு மேல், சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தைச் சேர்ந்த செல்லையா அண்ணர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு: பழுதான கருவியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். அவர் போடுவது வலைக்காரர் முடிச்சு, எங்கள் ஒருவருக்கும் அது வராது. துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில் அவர் அங்கே நின்றிருக்கிறார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் கடைசியாகக் கட்டிய துணி, கத்தி கத்தரிகளை ஆவியில் அவிக்கும் பொயிலரில் தொங்கியது.

மூன்றாம் நாள் பகல், கப்பலில் மூட்டை தூக்கும் என் தம்பியைக் கால் நசுங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். தலைமைத் தாதி, எங்கள் பெரிய மிஸ்ஸி, ஓடி வந்தார்.

“உடன காலை எடுக்காட்டி ஆள் தப்பாது. பொயிலரைப் பத்த வையும்.”

“செல்லையா அண்ணர் கட்டின துணி கிடக்கு மிஸ்ஸி.”

“செத்த மனிசன் வந்தே அவிழ்க்கிறது?”

மேலோட்டமாகப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. தம்பி பக்கத்து அறையில் கத்துகிறபோது எவன் நிதானமாகக் கழற்றிப் பார்ப்பான்? துணியைக் கத்தியால் அறுத்து மூலையில் எறிந்தேன், வழக்கம்போல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு அடுப்பை மூட்டினேன். ஆவியின் அழுத்தம் காட்டும் முள் ஏறியது. அது எல்லைக்கோட்டைத் தொட்டால் மேல் வால்வு தானாகத் திறந்து ஆவியை விட வேண்டும். கோட்டைத் தாண்டியும் வால்வு அசையவில்லை. அடைத்துப் போயிருந்தது, அதற்குத்தான் மனிதர் துணி கட்டியிருக்கிறார்! வெடித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன், கால் எழும்பவில்லை, நின்ற இடத்திலேயே கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

உஸ்ஸென்று ஆவி போகிற சத்தம். கண் திறந்தால், கையால் திறக்கிற பக்க வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது. அதன் பிடி கீழே இழுபட்டு ஸ்டாண்டோடு கட்டப்பட்டிருக்கிறது. அதே சிவப்புத் துணி, நான் அறுத்த விளிம்பு, வலைக்காரர் முடிச்சு. அறையில் நான் ஒருவன்தான், தாழ்ப்பாள் போட்டபடி.

கத்திகளைக் குசினியில் சோறாக்கும் அண்டாவில் கொதிக்க வைத்தோம். தம்பி ஒற்றைக் காலோடு பிழைத்தான். மிஸ்ஸியிடம் சொன்னேன். “பயத்தில நீர்தான் கட்டியிருப்பீர்” என்றார். எனக்கு அந்த முடிச்சு இன்றைக்கும் போடத் தெரியாது.

துணியை முடிச்சோடு உருவி என் பெட்டியில் பூட்டினேன். மறுநாள் வால்வைக் கழற்றித் துப்புரவாக்கி, பூட்டி, சோதித்து முடித்தபின் பெட்டியைத் திறந்தேன். துணி மடித்துக் கிடந்தது, முடிச்சு இல்லை. கட்டினவர் அவிழ்த்துவிட்டார். அதன்பிறகு ஒரு கருவியையும் நான் அரைகுறையாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னதில்லை. எல்லாம் பயம்தான்.

அந்தத் துணி இத்தனை வருடமும் என் அலுமாரியின் அடித்தட்டில் சும்மா கிடந்தது. போன கிழமை திறந்தால் அங்கே காணவில்லை. மேலே, நான் நாளாந்தம் போடும் சட்டையின் கையில் கட்டியிருந்தது, அதே முடிச்சு. நான் தொடவில்லை. பழுதானதில்தானே அவர் கட்டுவார். அது நான் அவிழ்க்கக் கூடியதும் இல்லை.