ஹில்க்காவின் ஓசி வேகம்

பின்லாந்தின் கவுஹயோக்கிப் பக்கம் பால் லாரி ஓட்டும் ஹில்க்காவைப் போல ஒரு பிடிவாதக்காரி கிடையாது. காசு செலவழிக்காமல் எஞ்சினுக்கு வேகம் வருமா வராதா என்று அந்த ஊர் ஆண்கள் சாஸேஜ் சுட்டுக்கொண்டே ஆயுள் முழுக்க வாய்ச்சண்டை போடுவார்கள். ஹில்க்கா மட்டும்தான் சோதித்துப் பார்த்தாள்.

பழைய டட்சன் கார் ஒன்று அவளிடம் இருந்தது. சோதனைக்குத் தினமும் அதே மேடு, அதே அளவு பெட்ரோல். மேட்டின் உச்சியில் கடிகாரத்தோடு கணவன் தெவோ. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்வாள்.

“ஏர் ஃபில்டரைக் கழட்டி வீசு, வண்டி பறக்கும்!” என்றான் மெக்கானிக் ஓர்வோ. கழற்றினாள். சத்தம் காதைப் பிளந்தது, வேகமோ அப்படியே இருந்தது. திரும்ப மாட்டிவிட்டாள். எஞ்சினின் சூட்டுக்காற்றுக்குப் பதிலாக, முன்விளக்குப் பக்கத்துக் குளிர்காற்று உள்ளே போகும்படி ஒரு பழைய குழாயைத் திருப்பி வைத்தாள். வெயில் நாளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. தீப்பொறி விழும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னுக்குத் தள்ளினாள், எஞ்சின் சுறுசுறுப்பானது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் கடகடவென்று தட்டியது. பேராசை வேண்டாமென்று பின்னுக்கு இழுத்தாள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது எடைக் குறைப்புதான். சத்தத்தை அடக்க காரின் உள்தரையில் ஒட்டியிருக்கும் கனமான தார்ப் பட்டைகளை யாரும் சீந்துவதில்லை, கோடையில் அவை பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடும் பனியில் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போல உடையும். ஜனவரி முழுக்க விரல் விறைக்கத் தட்டினாள். என்ன பொறுமை அவளுக்கு!

“ஓசியில இங்க கிடைக்கிறது பனியும் கொசுவும்தான், ஹில்க்கா!” என்று ஓர்வோ கிண்டலடிப்பான். கூட்டம் சிரிக்கும். அவளுக்கு உள்ளே எரியும்.

அங்கே சாமானியர்களுக்கென்று மண் பாதையில் ஒரு கார்ப் பந்தயம் உண்டு. பந்தயம் முடிந்ததும் ஓடிய எந்த வண்டியையும், யார் வேண்டுமானாலும், சங்கம் வைத்த ஒரே விலைக்குக் கேட்கலாம். பலர் கேட்டால் குலுக்கல். விற்க மறுத்தால் பந்தய உரிமம் போய்விடும். வண்டிமேல் பணத்தைக் கொட்டி ஜெயிப்பவனுக்கு வைத்த கடிவாளம் அது. காசே போடாமல் ஏழு வருஷம் உழைத்தவளுக்கும் அதே கடிவாளம்தான்.

அந்தப் பந்தயத்தில் ஹில்க்காவும் இறங்கினாள். இறுதிச் சுற்றுக்கு முன் தெவோ டட்சனின் ஜன்னலில் குனிந்தான். “நாலாவதா வா, போதும். ஒருத்தனும் சீண்டமாட்டான். வண்டி நம்மகிட்டயே இருக்கும்.”

“சும்மா இரு, தெவோ.”

முதல் வளைவில் மூன்றாவதாக இருந்தாள். அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை மகராசி! மேட்டில் முன்னால் ஓடிய ஓர்வோவின் வண்டியையும் ஒதுக்கிவிட்டு, சேறு வாரி இறைக்க முதலாவதாக வந்து நின்றாள்.

வண்டி கேட்கும் சீட்டுகள் பெட்டியில் விழத் தொடங்கின. சிரித்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள், ஓர்வோ உட்பட. ஹில்க்கா பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷத்தில் முகம் சிவந்தது, கண்ணும் நிறைந்தது. குலுக்கலில் ஓர்வோவின் பெயர் வந்தது.

அவன் பானெட்டைத் திறந்து குடைந்து குடைந்து பார்த்தான். “எங்கடி ஒளிச்சு வச்சிருக்க? ஒண்ணையும் காணோமே!”

“அந்தக் குழாய்தான். மிச்சத்தை எல்லாம் தட்டி எடுத்துட்டேன். தரையைப் பாரு.” சாவியை அவன் கையில் வைத்தபோது விம்மிவிட்டாள். “ஃபில்டரைக் கழட்டினே, கொன்னுடுவேன்!”

ஓர்வோ தொப்பியைக் கழற்றினான். “கழட்டமாட்டேன், தாயே.”

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது தெவோ முணுமுணுத்தான். “நாலாவதா வந்திருந்தா இந்நேரம் வண்டியில போயிருப்போம்.”

“நாலாவதா வந்த வண்டியை வாசல்ல வச்சு தினமும் பாக்கச் சொல்றியா என்னை?” என்று கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள்.