பதினாறு போன்கள் கேட்ட ஒரே கேள்வி

“எங்கே போகிறீர்கள்?”

பதினாறு போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதையே கேட்டன. சத்தமாக, சுத்தமான தமிழில், என் கூட்டாளி நஸ்லியாவின் குரலில். நாவற்குடாவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள ஒரு சின்னத் தோணித்துறை அது. பின்னேரம் மூன்று மணி. வாவியில் வலை போடப் புறப்பட்டு நின்ற பதினாறு பேரும் முதலில் போனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நாங்கள் செய்த ஆப் மக்கள் கையில் ஓடத் தொடங்கிய முதல் நாள். சந்தோசத்தில் எனக்கு மத்தியானச் சோறுகூட இறங்கவில்லை. போன் பேசுகிறது, கோட் வேலை செய்கிறது, இனி என்ன வேண்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மயில்வாகனம் அண்ணன் பாதி தண்ணீரில் இறக்கிய தோணியைத் திரும்பவும் கரைக்கு இழுத்தார். துடுப்பைத் தோளில் வைத்தார். வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

“என்னண்ணன், ஏன் திரும்புறீங்க?” என்று பின்னால் ஓடினேன்.

“தோணி தள்ளக்குள்ள எங்க போறாய் எண்டு கேட்டா ஆரு பிள்ள ஆத்துக்குப் போவான்? வீட்ட போய்த் தண்ணி குடிச்சிட்டு, கொஞ்சம் குந்திட்டு, மறுகா வாறன்.”

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஒருவர் வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் “தூரமோ?” என்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம். இதெல்லாம் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும். அப்படிப்பட்ட நான்தான், பதினாறு போன்களில் அந்தக் கேள்வியை ஏற்றி, சத்தத்தையும் கூட்டி வைத்திருந்தேன்.

பதினாறு பேரும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். அதற்குள் காற்று எழும்பிவிட்டதால் மற்றவர்கள் அன்றைக்குத் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

1. “ஆப் செய்ய முதல்ல என்ன வேணும் மிஸ்?”

சனிக்கிழமைகளில் நான் நடத்தும் ஆப் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. நல்ல லப்டொப் வேண்டுமா, எந்த மொழியில் கோட் எழுத வேண்டும், இங்கிலீஷ் மட்டுமட்டாகத் தெரிந்தவர்களுக்கு ஏலுமா. நான் பதினெட்டு வருசத்துக்கு முன் டவுனில் ஒரு போன் கடையில் போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடுகிறவளாக வேலை தொடங்கியவள். பிறகு டிஸ்ப்ளே மாற்றப் பழகினேன். அதற்கும் பிறகு, யாரோ விற்க வந்த பழைய லப்டொப்பில், இலவச வீடியோக்களைப் பார்த்துக் கோட் எழுதப் பழகினேன். ஆகவே பயப்பட வேண்டாம். பழைய லப்டொப் போதும். இங்கிலீஷ் போகப் போக வரும். ஆனால் ஒன்று வேண்டும்: அந்த ஆப் இல்லாமல் அவதிப்படுகிற ஒரு ஆள்.

எனக்கு அந்த ஆள் யோகம் அக்கா. மயில்வாகனம் அண்ணனின் மனைவி. போன மாரியில் அண்ணனின் தோணி நடு வாவியில் கவிழ்ந்துவிட்டது. வலை கட்ட ஊன்றியிருந்த ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு ஆறு மணித்தியாலம் தண்ணீரில் நின்றிருக்கிறார். அவர் அக்கரையில் தன் தங்கச்சி வீட்டில் நிற்கிறார் என்று யோகம் அக்கா நினைத்தார். துறையில் நின்றவர்கள் அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். காணவில்லை என்று தெரியாததால் ஒருவரும் தேடவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு தோணிதான் ஏற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் அக்கா எங்கள் ஒஃபிஸ் படி ஏறி வந்தார். நின்றபடியே கேட்டார்.

“பிள்ள, சோறு ஓடர் பண்ணினா அதக் கொண்டு வாற பொடியன் எந்தச் சந்தியில நிக்கிறான் எண்டு போன் காட்டுதாமே. என்ட மனிசன் ஆத்துல நிக்கிறாரா, கரைக்கு வந்திட்டாரா எண்டு மட்டும் காட்டாதா?”

ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நஸ்லியா, எப்போதும் ஸ்கிரீனிலிருந்து கண் எடுக்காதவள், கதிரையைத் திருப்பி உட்கார்ந்தாள். பதினெட்டு வருசத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்கு ஒரு வேலை சொன்னதில்லை.

மீனவர் சங்கத்தை இதற்குச் சம்மதிக்க வைத்ததும் அக்காதான். வீடு வீடாகப் போனார். தலைவர் கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: “ரெண்டு கிழமை பாப்பம். மறுகா கூட்டத்தில கை தூக்கச் சொல்லுவன். வேணாம் எண்டா இந்தக் கதைய இனி எடுக்கப்படாது யோகம்.” இது தோற்றால் நாங்கள் இன்னொரு ஆப் செய்யலாம். அக்காவுக்கு இது ஒன்றுதான், இந்த மாரிக்கு முன் கிடைத்த ஒரே தடவை.

2. “அல்லோவ அமத்தினா காசு போயிருமா?”

ஆப் ஏற்றப் போன நாளில் துறையிலேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். கேள்விகள் வந்த வேகத்தில் தேநீர் ஆறிப்போனது. ஆப் அனுமதி கேட்கும்போது வருகிற அந்த ‘அல்லோ’ பட்டனை அமத்தினால் பேங்கில் கிடக்கிற காசு போய்விடுமா. ஆப்பை அழித்தால் மகளின் கலியாணப் படங்களும் அழிந்துவிடுமா. அப்டேட் கேட்கிறதே, கொடுத்தால் போன் மெதுவாகுமா. இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிற ஆப்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாமல் எல்லாவற்றுக்கும் அல்லோ கொடுக்கிற படித்தவர்களைவிட, கேட்டுவிட்டுக் கொடுக்கிறவர்கள் எவ்வளவோ மேல்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இந்த ஆப் இடத்தை மட்டும் கேட்கும், படத்தையும் நம்பர்களையும் கேட்காது. கணக்குப் பார்க்கிற ஆப்போ டோர்ச் ஆப்போ உங்கள் நம்பர்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், அதற்கு அது தேவையில்லை. ஆப்பை அழித்தால் கலியாணப் படம் அப்படியே இருக்கும்.

மயில்வாகனம் அண்ணன் மட்டும் தள்ளி நின்று கேட்டார். “இடத்தக் கேக்கும் எண்டீங்க. நான் இறால் எடுக்கிற இடம் இவனுகள் எல்லாருக்கும் தெரிய வருமோ?”

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் எல்லோருக்கும் அதே பயம்தான் இருந்தது. அன்றைக்கே நஸ்லியா அதை மாற்றினாள். இடம் பூட்டிக் கிடக்கும். ஆள் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் மட்டும் திறக்கும்.

நனைந்த விரலுக்கு டச் வேலை செய்யாது என்பதையும் அங்கேதான் படித்தோம். எல்லோரும் போனை பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றித்தான் கொண்டுபோகிறார்கள். அதனால் பட்டனை அரை ஸ்கிரீன் அளவுக்குப் பெரிதாக்கி, பேக்குக்கு மேலால் அமத்தினாலும் பிடிக்கும்படி செய்தோம். எழுத்து வாசிக்கக் கண் பிடிக்காதவர்களுக்காகக் குரலும் போட்டோம். இவ்வளவும் யோசித்த எங்களுக்கு, அந்தக் குரல் என்ன கேட்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

3. “வேற ஆப்பப் பாத்து எழுதினா பிழையா?”

பிழையில்லை. எல்லோரும் அப்படித்தான் பழகுகிறோம். நானும் ஒரு டாக்ஸி ஆப்பின் மாதிரிக் கோட்டைத்தான் எடுத்திருந்தேன். அதில் முதல் ஸ்கிரீன் எங்கே போகிறீர்கள் என்று கேட்கும், இரண்டாவது எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்கும். இரண்டையும் தமிழாக்கி அப்படியே வைத்துவிட்டேன். டாக்ஸிக்காரனுக்கு அது தெரிய வேண்டும். எங்களுக்கு ஏன் தெரிய வேண்டும் என்று என்னை நானே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தண்ணீர் குடித்த சம்பவத்துக்கு அடுத்த நாள் காலையில் யோகம் அக்கா வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். நஸ்லியா அவரைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டாள்.

“என்ட குரல்தான் அக்கா அதக் கேட்டது. எங்கட வாப்பா வெளிக்கிடக்குள்ள நாங்களும் கேக்க மாட்டம். எப்பிடி மறந்தன் எண்டு தெரியல்ல” என்றாள்.

“அழாத பிள்ள. கேள்விய எடுத்தாச் சரி” என்றார் அக்கா.

“ரெண்டு கேள்வியையும் எடுத்தா எப்ப வருவார் எண்டு போனுக்குத் தெரியாதே அக்கா” என்றேன் நான்.

“அவருக்கிட்ட கேட்டாலும் தெரியாது. அவர் எப்ப வருவார் எண்டு எனக்குத்தான் தெரியும். என்ட போன்ல கேளுங்க.”

நானும் நஸ்லியாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூன்று மாதம் நாங்கள் மண்டையைப் போட்டு உடைத்த விசயத்தை அக்கா ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். இடத்தைப் போன் தானாகவே அறியும், கேட்கத் தேவையில்லை. திரும்பும் நேரத்தை வீட்டுக்காரி தன் போனில் போடுவார். தோணிக்காரரிடம் மிஞ்சியது ஒரேயொரு பட்டன். அதில் “போகிறேன்” என்று நான் எழுத, அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆற்றுக்குப் போகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. பட்டனில் “போயிட்டு வாறன்” என்று போட்டோம். அதை அமத்தியதும் பட்டன் “வந்திட்டன்” என்று மாறும், திரும்பி வந்ததும் இன்னொரு தடவை அமத்த வேண்டும்.

மத்தியானத்துக்குள் மாற்றி முடித்தோம். பின்னேரம் துறையில் பதினாறு பேரும் அமத்திவிட்டுப் போனார்கள். போன்கள் ஒரு சத்தமும் போடவில்லை. நான் பக்கத்தில் நின்ற தென்னையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

4. “வேலை செய்யுதா எண்டு எப்பிடித் தெரியும்?”

இரண்டு வாரம் முடிந்து வரும் சங்கக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் ஐந்தரைக்கு யோகம் அக்காவின் போன் அலறியது. அவர் போட்ட நேரம் தாண்டிவிட்டது, அண்ணன் “வந்திட்டன்” அமத்தவில்லை. ஆப் அவருடைய இடத்தை அக்காவுக்கும் மற்றத் தோணிக்காரரின் போன்களுக்கும் திறந்து காட்டியது. புள்ளி நடு வாவியில், போன மாரியில் கவிழ்ந்த அதே பக்கம்.

அக்கா கத்திக்கொண்டு துறைக்கு ஓடி வந்தார். நானும் நஸ்லியாவும் அங்கேதான் நின்றோம். கரையேறி வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வலையை அப்படியே போட்டார்கள். எட்டுத் தோணிகள் தண்ணீரில் இறங்கின. தலைவரே ஒன்றில் ஏறினார். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகத் தோணி போய் நான் பார்த்ததில்லை. அக்கா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

“ஆர்ட தோணி கவிண்ட?”

பின்னால் கேட்ட குரல் மயில்வாகனம் அண்ணனுடையது. ஒரு கையில் பாதி தின்ற பணிஸ், மற்றக் கையில் வெறும் இறால் கூடை. தோணியைப் பக்கத்துத் துறையில் கட்டிவிட்டு, இறாலை விற்று, கடையில் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். பற்றரி மிச்சம் பிடிக்க டேட்டாவை நடு வாவியிலேயே நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் புள்ளி அங்கேயே நின்றது.

“ஏன் வந்திட்டன் அமத்தல்ல?” என்று நான் கிட்டத்தட்ட அழுதேன்.

“வீட்டுப் படியில கால் வைக்காம வந்திட்டன் எண்டு எப்பிடிப் பிள்ள சொல்ற?” என்றார். அவர் கேட்டது நியாயம். கரை தொட்டால் வந்ததாக நான்தான் நினைத்திருந்தேன்.

“அப்ப அங்க ஆரத் தேடுறானுகள்?” என்று திரும்பவும் கேட்டார்.

“உங்களத்தான்” என்றார் அக்கா.

அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். நடு வாவியில் எட்டுத் தோணிகள் வட்டம் போட்டுத் திரிந்தன. அவருடைய பெயரைக் கூப்பிடுவது கரைக்கே கேட்டது. ஆறு மணித்தியாலம் ஒருவரும் வராத அதே இடம். அவர் பணிஸைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

பிறகு போனை எடுத்து, டேட்டாவைப் போட்டு, பேக்குக்கு மேலாலேயே அரை ஸ்கிரீன் பட்டனை அமத்தினார். ஆள் வந்துவிட்டார் என்று எட்டுத் தோணிகளிலும் போன் கூவியது. தோணிகள் கரைக்குத் திரும்பின.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பொய்யாக எட்டுத் தோணியை ஓட வைத்த ஆப்புக்கு யார் கை தூக்குவார்கள்? கூட்டத்தில் பின் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். தலைவர் வாயைத் திறக்கும் முன் மயில்வாகனம் அண்ணன் எழும்பினார்.

“நான் கடையில பணிஸ் திண்டன். நீங்க ஆத்துல என்னத் தேடினீங்க. போன மாரியில நான் தண்ணிக்குள்ள நிண்டன், ஒருத்தரும் வரல்ல. உங்களில பிழையில்ல, உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரியும். எனக்கு இது போதும்.”

பதினாறு கைகளும் எழும்பின. யோகம் அக்காவுக்குக் கை தூக்க உரிமையில்லை, அவர் சங்கத்தில் அங்கத்தவர் இல்லை. ஆனாலும் தூக்கினார். ஒருவரும் இறக்கச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஆப்பில் ஒரு பட்டனைக் கூட்டினோம். “கரையில நிக்கிறன்” என்பது தோணி கட்டியதும் அமத்த, “வந்திட்டன்” என்பது வீட்டுப் படியில் கால் வைத்ததும் அமத்த. இப்போது வகுப்பில் யாராவது தங்கள் முதல் ஆப்பைக் காட்ட வந்தால் நான் கோட்டைத் திறக்க மாட்டேன். இதைப் பாவிக்கப் போகிற ஆளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாயா என்றுதான் கேட்பேன். இல்லை என்றால், போய்ப் பார்த்துவிட்டு வா என்பேன். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.