துவைக்கிற கல்லில் இருந்த சாபம்

சோப்பு நுரையும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை... இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இருந்த லேடீஸ் ஹாஸ்டல் என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

பின்சுவர் ஓரமாக ஒரு நீளமான கருங்கல் படுத்துக் கிடக்கும். ஒரு முனை மண்ணுக்குள். அதுதான் எங்கள் துவைக்கிற கல். ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து யூனிஃபார்மை அதில் நாலு அடி அடித்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். என் ரூம்மேட் மாரிச்செல்வி, கயத்தாறுக்காரி, போர்வையை அதன் மேல் போட்டு ஏறி நின்று மிதிப்பாள்.

2013 இருக்கும். நான் புதிதாக ஃபேஸ்புக் பைத்தியம் பிடித்து அலைந்த நேரம். வெளிநாட்டுப் பழங்காலக் கையெழுத்துப் புத்தகங்களின் படங்களைத் தேடித் தேடிப் போடுவேன். நத்தையோடு கத்திச் சண்டை போடும் வீரன்... மை காயாத தாளில் பூனை நடந்துபோன தடம்... "இதெல்லாம் உனக்கு எங்கடி கிடைக்குது?" என்று யாராவது கேட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் போட ஒன்றும் இல்லை. கல்லின் மேல் எழுத்து மாதிரி ஏதோ தேய்ந்து கிடந்ததே என்று அதைப் படம் எடுத்துப் போட்டேன். 'எங்கள் ஹாஸ்டல் கல்வெட்டு, யாராவது படியுங்கள் பார்ப்போம்' என்று கிண்டலாக ஒரு வரி வேறு.

படித்துவிட்டாள். கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த, முகம் தெரியாத ஒரு கல்லூரிப் பெண். கோயில் விளக்கு எரிய யாரோ ஆடுகள் கொடுத்ததைச் சொல்லும் கல்லாம். முக்கால்வாசி தேய்ந்துவிட்டதாம். தெளிவாகத் தெரிகிற கடைசி வரி இதுதான் என்று கமெண்ட்டில் எழுதியிருந்தாள்: இந்த தர்மத்தை அழித்தவன், கங்கைக்கும் குமரிக்கும் நடுவில் எல்லோரும் செய்த பாவத்தைத் தானே சுமப்பான்.

ரூமில் அதைச் சத்தமாக வாசித்தேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"ஏட்டி, நாம தொவச்சுத் தொவச்சு எழுத்தெல்லாம் தேஞ்சுல்லா போச்சு..." என்றாள் மாரிச்செல்வி. "அதுவும் அழிக்கதுதான?"

சமையல் பார்க்கும் கன்னியம்மாக்கா உள்ளூர்க்காரர். அவர் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். "எங்க மாமியார் அப்பவே சொல்லும்மா. ஏரிக்கரைலேந்து அந்தக் கல்ல எத்துகினு வந்தவன் ஒரு வருசங்கூட நல்லா இல்லியாம்."

மறுநாள் கல் காய்ந்து கிடந்தது. எல்லோரும் குழாயடியில் பக்கெட்டோடு வரிசை கட்டி நின்றார்கள்.

அதற்கு மறுநாள் மாரிச்செல்விக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல். அந்த சீசனில்தான் பக்கத்துத் தெரு ஹாஸ்டலில் ஒரு பெண் டெங்குவில் செத்துப்போயிருந்தாள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இது ஊசிக்கு அடங்குத காய்ச்சல் இல்லட்டி. நாந்தான அது மேல ஏறி மிதிச்சேன்..."

கஞ்சியைத் தொடவில்லை. மாத்திரையைத் துப்பினாள். லைக்குக்காக நான் போட்ட ஒரு படம் இவளைக் கொண்டுபோய்விடுமோ... கயத்தாறில் அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன்... அவ்வளவு பயம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கே மெசேஜ் போட்டேன். பதில் வந்தது. 'மண்ணுக்குள் இன்னொரு வரி இருக்கலாம். சாபத்தோடு பெரும்பாலும் முடிக்க மாட்டார்கள். தோண்டிப் படம் அனுப்புங்கள்.'

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஆனாலும் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்காரவே உடம்பு கூசியது. இதைவிட மோசமாக ஏதாவது இருந்துவிட்டால்? தோசைக் கரண்டியால் மண்ணைக் கிளறினேன்.

"வேணாம்மா, அத்த நோண்டாத," என்றார் கன்னியம்மாக்கா, சமையற்கட்டு வாசலில் நின்றபடி. நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கோலமாவும் கொடுத்தார். தேய்த்ததும் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. மண்ணுக்குள் இருந்ததால் தேயவே இல்லை.

படம் அனுப்பினேன். அந்தக் காலத்து நெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது...

பதில் ஒரே வரி. 'இந்த தர்மத்தைக் காத்தவருடைய பாதம் என் தலைமேல்.'

மாடிக்கு ஓடினேன். மாரிச்செல்வியை உலுக்கி, அந்த வரியை அவள் காதருகில் படித்தேன்.

"நாம எங்கட்டி காத்தோம்?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"துவைக்க உதவுதுன்னுதான்டி அதை விட்டு வச்சிருக்காங்க. இல்லேன்னா எப்பவோ உடைச்சு அஸ்திவாரத்துல போட்டிருப்பாங்க."

"மிதிச்சது?"

"பாதம் என் தலைமேலன்னு அந்த மனுஷனே எழுதி வச்சிருக்கான். நீ யாருடி வேண்டாங்குறதுக்கு?"

சுவர்ப் பக்கத்திலிருந்து மெல்ல என் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஆட்டோ கூப்பிடு," என்றாள்.

டெங்குதான். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் என்னைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு நான் அழுத அழுகை, வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது என் ஃபேஸ்புக் பக்கத்தில் சாபக் கல்வெட்டு போட்டால் சிரிக்கிற பொம்மைகள்தான் வரிசையாக விழுகின்றன. நல்லதுதான். ஒரு கமெண்ட்டைப் படித்துவிட்டு ஒரு ஹாஸ்டலே துவைக்கப் பயந்த காலம் இனி வராது.

போன வாரம் அந்த வழியாக வந்தேன். ஹாஸ்டல் இல்லை. புதுக் கட்டடம் பாதி எழும்பி நிற்கிறது. பின்னால் போய்த் தேடினேன். கல்லைக் காணவில்லை. மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

பயந்துகொண்டேதான் கயத்தாறுக்குப் போன் போட்டேன். பின்னால் அவளுடைய பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். சொன்னேன்.

"நாம இருந்த மட்டும் பாத்துக்கிட்டோம்லாட்டி. பெறவு என்ன? போய் சோலியப் பாரு."

அவளுக்குப் பயம் விட்டுப் போய்விட்டது. எனக்குத்தான்... ரோட்டோரம் எங்கே உடைத்த கருங்கல் குவிந்து கிடந்தாலும் வண்டியை நிறுத்தி, எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறேன். பார்க்காமல் கடந்துபோகப் பயமாக இருக்கிறது.