வீரணன் பார்த்த சாமான்

போடியிலிருந்து கூடலூர் வரை கரண்டு வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் எண்ணி முப்பது பேர் இருந்தால் அதிகம். கூலியில் சண்டை, வேலையில் போட்டி, ஒருவன் கட்டிய வயரிங்கை இன்னொருவன் பார்த்தால் காறித் துப்புவது எல்லாம் அவர்களுக்குள் உண்டு. ஒன்றில் மட்டும் சண்டை வந்ததே இல்லை. கம்பி வெட்டும் குறடான பிளேயரில் எந்த மார்க் வாங்கலாம், எந்த மார்க் திருப்புளி வாங்கக் கூடாது என்று வீரணன் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

வீரணன் கெங்குவார்பட்டிக்காரன். வீட்டில் நெல்லும் வாழையுமாக இருந்தது. இவனுக்கு மண்வெட்டி பிடித்தால் கை கொப்புளித்தது, மனசு அதற்கு முன்னாலேயே கொப்புளித்தது. மதுரையில் ஒரு பஞ்சாலைக்கு எண்ணெய் போடப் போனவன் மோட்டார் வேலை பழகினான். மதுரையிலிருந்து மின்கம்பி தேனிப் பக்கம் வந்தபோது கம்பிக்கு முன்னாலேயே இவன் வந்து சேர்ந்துவிட்டான். வேலையில் வேகம் மட்டும் கிடையாது. கல்யாணத்துக்கு விளக்குப் போடச் சொன்னால் வளைகாப்புக்குத்தான் எரியும் என்று அவன் மனைவி ராக்கம்மாளே கேலி பேசுவாள். ஆனால் அவன் போட்ட விளக்கு அணைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தேனி பஜாரில் ராஜமணி அண்ணாச்சி இரும்புக் கடை வைத்திருந்தார். வீரணன் தேனிக்கு வந்த வருஷம்தான் அவரும் கடையைத் திறந்தார். புதிதாக எந்த மார்க் சாமான் வந்தாலும் ஒன்றை எடுத்து வீரணன் கையில் கொடுப்பார். வீரணன் அதை ஒரு மாதம் வேலையில் போட்டு உருட்டிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்வான். அதற்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அவனுக்கு அது கோயில் காரியம் மாதிரி.

முப்பத்தெட்டாம் வருஷம் மூன்று மார்க் பிளேயர் ஒன்றாக வந்து இறங்கின. இரட்டைச் சாவி மார்க் இங்கிலாந்து ஷெபீல்டு சாமான். எஃகு உயர்ந்தது, ஆனால் பிடி அகலம். துரைமார் கைக்குச் செய்தது, சாயங்காலத்துக்குள் நம் உள்ளங்கை வீங்கிவிடும் என்றான் வீரணன். பூ மார்க் ஜப்பான் சாமான். பார்க்கக் கொலுசு மாதிரி மின்னியது, நாற்பதாவது கம்பியில் பல் விழுந்தது. ஒட்டக மார்க் ஜெர்மன் சாமான். அழகு கிடையாது. சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை நூறு துண்டாக நறுக்கிவிட்டு, அதே வாயில் ராக்கம்மாளின் ஒற்றைத் தலைமுடியை வைத்து அழுத்தினான். முடி இரண்டாக விழுந்தது. ஆள் உயரத்திலிருந்து கருங்கல்லில் போட்டான், கீறல்கூட விழவில்லை. ஒரு மாதம் கழித்தும் மூட்டு ஆடவில்லை. வெட்டுக்கு ஒன்று, விழுந்ததற்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று என்று பிடியின் உட்புறத்தில் அரத்தால் மூன்று கோடு இழுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தான். அப்போதெல்லாம் பிளேயர் வெறும் இரும்புப் பிடியோடுதான் வரும். வாங்குகிறவன் தானே சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொள்வான்.

அண்ணாச்சி அந்த வாரமே ஒரு தகரத்தில் ‘வீரணன் பார்த்த சாமான்’ என்று எழுதிக் கடை முகப்பில் அடித்தார். வீரணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பேரை மட்டும் தூரத்திலிருந்தே படித்துவிடுவான். வேலை எந்தத் திசையில் இருந்தாலும் பஜார் வழியாகத்தான் போனான்.

அவனுக்கு டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் கிடந்தபோது அண்ணாச்சியின் மனைவி சுகிர்தம் அம்மாள் தினமும் பார்லிக் கஞ்சி கொடுத்துவிட்டாள். இவர்கள் வீட்டு அதிரசம் தீபாவளிக்கு அங்கே போகும், அவர்கள் வீட்டுக் கேக் கிறிஸ்துமஸுக்கு இங்கே வரும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் ஏமாற்றினால் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம்.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை வந்தது, ஜெர்மன் சாமான் நின்றுபோனது. நாற்பத்திரண்டு கடைசியில் அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“வீரணா, பம்பாயில பழைய சரக்கு கொஞ்சம் மாட்டியிருக்குப்பா. நம்ம ஒட்டகந்தேன். ரப்பர் உறை போட்டே வந்திருக்கு. பாத்துச் சொல்லு.”

உறையோடு வந்த பிளேயர் வீரணனுக்குக் கனவில் வரும் பொருள். அதற்கென்று அவனிடம் ஒரு தனிச் சோதனை உண்டு. ஒரு சட்டி உப்புத் தண்ணீரில் பிடியை மட்டும் முக்குவான். ஒரு வயரைத் தண்ணீரில் விட்டு, இன்னொன்றைப் பிளேயரின் வாயில் கவ்வவிடுவான். நடுவில் ஒரு பல்பு. ரப்பரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பல்பு எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒன்று மட்டும் செய்ய மாட்டான், உறையைக் கழற்ற மாட்டான். கழற்றி மாட்டின உறைக்குப் பிடிப்பு போய்விடும், கை வழுக்கும், வழுக்கினால் உயிர் போகும் என்பது அவன் கட்சி. “உறைய உரிச்சுப் பாக்குறவன் வேலைக்காரனே இல்ல” என்று கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். திட்டும்போதெல்லாம் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நூறு கம்பி வெட்டியது. முடி நறுங்கியது. பல்பு கடைசிவரை எரியவில்லை. “அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க” என்றான் வீரணன்.

“அப்ப இத நீயே வச்சுக்கப்பா” என்றார் அவர். பார்த்த சாமானை அவர் வைத்துக்கொள்ளச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே இவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பண்டம் கிடைத்த பிள்ளை மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான்.

வந்த பதினெட்டும் பத்தே நாளில் விற்றுப்போயின. அதில் ஒன்றை வாங்கினவன் சின்னக்கருப்பு, ராக்கம்மாளின் தம்பி. போடியில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் வயர்மேன் வேலை. மச்சான் சொல்லைத் தாண்டி ஒரு ஆணிகூட வாங்காதவன்.

மாசி மாதம், ஆலையில் பஞ்சு மலையாகக் கிடந்தது. மெயின் போர்டில் ஒரு முனை தளர்ந்து பொறி விட்டது. மெயினை அமர்த்திவிட்டு முறுக்கினால் ஆபத்தில்லை, ஆனால் ஆலை நின்றுவிடும். மேனேஜர் யோசித்தபோது சின்னக்கருப்பு சிரித்தானாம்.

“அமத்த வேணாங்க. இது எங்க மச்சான் உப்புத் தண்ணியில போட்டுப் பாத்த சாமான்.”

அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கையை வைத்தான். கை பிளேயரோடு ஒட்டிக்கொண்டது. யாரோ ஓடிவந்து மெயினை இழுத்ததால் உயிர் மிஞ்சியது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருகிப்போய், மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

வீரணன் போய்ச் சேர்ந்தபோது ராக்கம்மாள் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை. “உங்க சொல்ல நம்பித்தானங்க கைய வச்சான்” என்றாள். அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை.

சின்னக்கருப்பின் பையில் அந்தப் பிளேயர் இருந்தது. வீரணன் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உறையைக் கத்தியால் கீறி உரித்தான். மேலே கறுப்பு வார்னிஷ். கீழே பழைய சைக்கிள் டியூப். முள் குத்தின இடத்தில் ஒட்டுப் போட்டு, ஒட்டு பாதி கழன்று, அந்த ஓட்டை சரியாகக் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் இருந்தது. ஒட்டகத்தை உளியால் குத்தியிருந்தார்கள், அதற்கு மூன்று கால்தான் விழுந்திருந்தது.

ஒரே சரக்குத்தானே, தன்னிடம் இருப்பது மட்டும் எப்படித் தேறியது? இடுப்பிலிருந்து தன் பிளேயரை உருவி அதன் உறையையும் கீறினான். தடித்த, ஒட்டில்லாத, அசல் ரப்பர். உள்ளே பளபளவென்று ஜெர்மன் இரும்பு. பிடியின் உட்புறத்தில் மூன்று கோடு, அவன் கை இழுத்த அரக்கோடு.

முப்பத்தெட்டில் தான் பார்த்துக் கொடுத்த அதே பிளேயர். அண்ணாச்சி அதை நாலு வருஷம் எடுத்துவைத்திருந்து, மெருகு ஏற்றி, எங்கிருந்தோ ஒரே ஒரு நல்ல உறையைப் பிடித்து மாட்டி, அவனிடமே பார்க்கக் கொடுத்திருக்கிறார். வீரணன் உறையை உரிக்க மாட்டான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கே பஸ் ஏறித் தேனிக்கு வந்தான். கோபம்கூடப் பிறகுதான் வந்தது, முதலில் வெட்கம்தான் வந்தது.

மத்தியானம், பஜார் அடங்கியிருந்த நேரம். இரண்டு பிளேயரையும் கல்லாவின் மேல் வைத்தான்.

“இது என்ன அண்ணாச்சி?”

ராஜமணி கோடுகளைப் பார்த்தார். மறுக்கவில்லை. “சண்டைக் காலம்ப்பா. சரக்கு இல்லாமக் கடை தொறந்து வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீ நல்லாருக்குன்னு சொன்ன, வித்தேன்.”

“நான் இந்த ஒண்ணத்தான சொன்னேன்!”

“போர்டுல ஒண்ணுன்னு எழுதலையே வீரணா.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டுச் சுகிர்தம் அம்மாள் வந்து நின்றாள். கல்லாவில் கிடந்த உரித்த டியூபைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

“இத நாந்தான மாட்டுனேன்” என்றாள் மெதுவாக. “சீயக்காத் தண்ணியத் தொட்டு, பதினெட்டும் கொல்லையில உக்காந்து நாந்தான் மாட்டுனேன். பிடி வழுக்காம இருக்கத்தான்னு இவுக சொன்னாக. யாருக்கு என்ன ஆச்சு வீரணா?”

“ராக்கம்மா தம்பிக்கு ரெண்டு விரல் போச்சும்மா.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வீரணன் தன் பிளேயரை எடுத்து, முகப்பில் இருந்த தகரத்தின் நாலு ஆணியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அண்ணாச்சி தடுக்கவில்லை. “தகரம் போனா என்ன, ஊருக்குத் தெரிஞ்ச பேருதான” என்று மட்டும் சொன்னார். வீரணன் அவரை அடித்திருக்கலாம். அந்தப் பார்லிக் கஞ்சி நினைவுக்கு வந்து தொலைத்தது.

அதன்பிறகு எட்டு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஒரு சாக்கும் ஒரு சட்டியும் உப்புமாக போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வாங்கினவர்களைத் தேடிப் போனான். வாசலிலேயே உப்புக் கரைத்துப் பல்பை மாட்டிக் காட்டினான். ஏழு சாமானுக்கு எரிந்தது. எரியாததையும் வாங்கிச் சாக்கில் போட்டான், பதிலுக்குத் தன் பெட்டியில் இருந்த பழைய சாமான்களைக் கொடுத்தான். பெட்டி காலியானது. சிலர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். கம்பத்தில் மொக்கை என்ற வயர்மேன் மட்டும், “பங்கு பிரிக்கிறதுல அண்ணாச்சியோட தகராறோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு டீ குடிக்காதவனிடம் கேட்டான். வீரணன் சட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நடந்தான்.

ஒன்பதாம் நாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலுக்குக் கீழே அதை வைத்துவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். ராக்கம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். உளியால் குத்தின ஒட்டகத்தைக் காட்டினான். தன் பிளேயரை எடுத்து மூன்று கோட்டையும் காட்டினான். இதைப் பார்த்தால் யாரும் புரிந்துகொள்வார்கள் என்று வழியெல்லாம் அதைத்தான் நம்பி வந்திருந்தான்.

சின்னக்கருப்பு அந்த ஜெர்மன் பிளேயரை இடது கையில் வாங்கினான். இரண்டு தடவை திறந்து மூடினான். மூட்டு ஆடவில்லை. வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், வீரணன் பார்க்கிற மாதிரியே.

“நல்ல சாமான் மச்சான்” என்றான்.

“எடுத்துக்கடா. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்.”

சின்னக்கருப்பு கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி ஒரு கணம் பார்த்தான். பிளேயரைத் திருப்பி மச்சானின் மடியில் வைத்தான்.

“பதினெட்டுப் பேருக்கும் அந்தச் சாமான். ஒங்களுக்கு மட்டும் இது. நான் நம்புறேன் மச்சான், நீங்க தெரியாமத்தான் வச்சிருந்தீக. ஆனா ஒண்ணு, ஊருல யாருக்கும் இதக் காட்டிராதீக.”

வீரணன் ராக்கம்மாளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் அவன் மடியில் கிடந்த பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.