சரிவில் இறங்குகிறவர்

இன்று மதியம் பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு போகிற பஸ்ஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம், என் கைப்பேசியில் பனிமலை. சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிய ஒருவர் மலையிலிருந்து தாவி, பறவை மாதிரி மிதந்துகொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“இம்புட்டு உசரத்துலேர்ந்து வுழுந்தா காலு உடையாதா?”

“அவரு எறங்குற சாய்வுலயே தரையும் சாஞ்சிருக்குங்க்கா. அதனால மோதாம அப்படியே வழுக்கிட்டுப் போயிருவாரு. வேகம் மெல்ல மெல்ல கொறையும்.”

“சமதரையா இருந்தா?”

“நொறுங்கிருவாரு.”

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சோளக்காட்டின் மேல் ஒரு மேகத்தின் நிழல் சறுக்கிக்கொண்டே எங்களோடு வந்தது. மனசுக்குள் நானும் சீட்டிலிருந்து கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருந்தேன்.

பிறகு அவர் போனை எடுத்தார்.

“மாமி, சாயங்காலம் உங்க மவன் துபாய்லேர்ந்து வந்ததும், வேலை போனதைப் பத்தி வூட்டுல யாரும் கேக்க வேணாம். மொதல்ல சாப்புடட்டும், நல்லா தூங்கட்டும். அவரா சொல்லுவாரு, இன்ஷா அல்லாஹ்.”

ஊர் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் குடும்பத்தில் எல்லாருமே சமதரை. உங்கள் வீட்டில் சரிவு யாருங்க?