ஒசாகாவில் ஒரு ஜோடிச் செருப்பு

திருத்தணி மலைப்படிகளின் அடியில் பாவாவின் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன். பழுப்புத் தோல் செருப்பு, வாரில் ஒரு தையல். இதே செருப்பை ஜப்பானில், ஒசாகா நகரத்துத் தோட்டம் ஒன்றில் தேடி அலைந்தது நினைவுக்கு வருகிறது.

பாவா என் அக்காவின் கணவர். அக்கா தவறிப்போன பிறகு அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிருத்திகைதோறும் அவளோடு ஏறிய இந்த மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. "ஒங்கிட்ட கூட்டிகினு போய் நாலு எடம் சுத்திக் காட்டுடா. மனுசன் ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுட்டா போதும்" என்று அம்மா போனில் கெஞ்சினாள். ஒசாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் அவரை அங்கே வரவழைத்து, லீவு போட்டேன்.

கோட்டையைக் காட்டினேன். அகழியைச் சுற்றி நடந்தோம். வானுயர்ந்த கட்டடத்தில் லிஃப்டில் ஏறி ஊரையே காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஆங், நல்லாகீது." சுவரோடு பேசியிருக்கலாம். கால் கடுத்தது, பொறுமையும் போயிற்று. எனக்கும் அவள் அக்காதானே, எனக்கு யார் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள் என்று உள்ளுக்குள் எரிந்தது.

கடைசி நாள் ஒரு பழைய தோட்டம். குளம், வளைத்து வளர்த்த பைன் மரங்கள், நடுவே கல்படி வைத்த சின்னக் குன்று. நான் அலுத்துப்போய் பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் பாவா வெறுங்காலோடு படியேறிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு படியோரம், மற்றது தள்ளி ஒரு புதரடியில். அது அக்காவின் பழக்கம். சேர்த்து விட்டால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான் என்று திருத்தணியில் இரண்டு பேர் செருப்பையும் அப்படித்தான் பிரித்துப் போடுவாள்.

உச்சிக்குப் போனவர் திரும்பிக் கீழே பார்த்தபடி நின்றார். முட்டிவலியோடு மெல்ல ஏறி வருகிறவளுக்காக எப்போதும் அப்படித்தான் நிற்பார். இப்போது அவளுக்குப் பதில் ஏறிப்போய் நின்றது நான்.

"அவ வரமாட்டா, இல்ல?" என்றார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

இறங்கி வந்தால் செருப்பைக் காணோம். தேடிப் பார்த்துவிட்டு வாசல் அறையில் விசாரிக்கப் போனோம். தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இரண்டையும் கண்டெடுத்து, மண்ணைத் துடைத்து, ஜோடியாக வைத்திருந்தாள். யாரோ தொலைத்துவிட்டுத் தவிப்பார்கள் என்று நினைத்தாளாம். பாவா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று கிருத்திகை. லீவில் வந்த எனக்குப் படியேறத் தெம்பில்லை. பாவா செருப்பைக் கழற்றி ஜோடியாக விட்டார். ஒன்றைத் தள்ளி வைக்கலாமென்று குனிந்தேன்.

"சேத்தே வைடா. எவனாச்சும் எடுத்துகினு போனா ரெண்டும் சேந்தே போவட்டும். ஒத்தையா வுடாத."

அதனால்தான் இந்தக் காவல். நிமிர்ந்து பார்க்கிறேன். பாதிவழியில் நின்று அவர் கீழே பார்க்கிறார். முனகிக்கொண்டே எழுகிறேன். என் செருப்பையும் கழற்றி, அவருடையதன் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறுகிறேன்.