பொடி சாரும் ஒரு சிங்கமும்

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கலர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். இங்கிலீஷ் பாடத்தில் வரும் அணி, இலக்கணப் பெயர்களையெல்லாம் எழுதி வகுப்பில் ஒட்ட வேண்டுமாம். "ஆண்ட்டி, ஸ்பெல்லிங் சரியான்னு பாருங்க" என்றாள். முதல் வரியே சிமிலி. தமிழில் உவமை என்று படித்தோமே, அதேதான். எதிரே உதாரணம்: ஆஸ் பிரேவ் ஆஸ் எ லயன். சிங்கத்தைப் போல வீரம். அதைப் பார்த்ததுதான் தாமதம், என் மூக்கில் மூக்குப்பொடி நெடி ஏறிவிட்டது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் துப்பிவிட்டு வந்தேன். ஸ்பெல்லிங் அவ்வளவு மோசமோ என்று அந்தப் பெண் பயந்துபோனாள்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் நான் ஒன்பதாவது படித்தபோது எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவருக்குப் பொடி சார் என்று பெயர். காரணப் பெயர்தான். பொடி போட்டுத் துடைக்கிற கைக்குட்டையை ஜன்னல் கம்பியில் காயப்போடுவார். அது காய்ந்து அப்பளமாக விறைத்துக்கொண்டு நிற்கும். ஜன்னலோர பெஞ்சு என்னுடையது. காற்று என் பக்கமாக அடித்த நாட்களில் மத்தியானச் சோறு இறங்காது. திருத்திய தாள்களை வாங்கினால் ஓரமெல்லாம் பழுப்புச் சொட்டு. தாளை நுனிவிரலால் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் குமட்டுகிறது, என்ன செய்ய.

அவர் வகுப்பில் எங்களுக்குப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடம் திறந்த வாரமே ஆளுக்கொரு இலக்கணச் சொல்லைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் அதுதான் நம் பெயர். கூப்பிட்டால் எழுந்து, கைடில் உள்ள விளக்கத்தையும் உதாரணத்தையும் ஒப்பித்துவிட்டு உட்கார வேண்டும். அப்பாவுக்கு பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்த ஒருத்தி மெட்டஃபர், அதாவது உருவகம். நான் ஜெரண்டு, வினையிலிருந்து பிறக்கிற பெயர்ச்சொல். "ஏ ஜெரண்டு, எந்திரி!" என்பார். நான் எழுந்து, நீச்சல் ஒரு நல்ல உடற்பயிற்சி என்று இங்கிலீஷில் கத்துவேன். ஒரு வருஷம் முழுக்கக் கத்தினேன். அரசலாற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

பட்டினச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் அஞ்சலைதான் சிமிலி. எனக்குப் பக்கத்து இடம். அவளைச் சேர்க்க வந்த அன்றைக்கே அவள் அப்பா ஹெட்மாஸ்டரிடம், "ஒரு வருசம் பெயிலானாலும் நிறுத்திடுவேங்க. கருவாடு காயப்போட ஆளில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். நல்ல மனுஷர், பகலில். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சாராயத்துக்கு வந்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர் சும்மா இருப்பாரா?

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் அடித்தது. பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் பறந்தது. பட்டினச்சேரியில் வலையும் கட்டுமரமும் போயின. ஓடு மாற்றி முடித்ததும் பாண்டிச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். யார் யாரை எந்த வரிசையில் எழுப்புவது என்று பொடி சார் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அஞ்சலை எழுந்து சிங்கத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு என்ன தோன்றியதோ, "சிங்கம் வேணாம்மா. வேற ஒண்ணு சொல்லு" என்றார்.

வேறு ஒன்றா? கைடில் ஒன்றுதானே இருந்தது! பொடி சார் விட்டத்தைப் பார்த்தார். நான் என் நீச்சலை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நம் அறிவு அவ்வளவுதான். அஞ்சலை தட்டுத்தடுமாறி, வினைச்சொல்லெல்லாம் தாறுமாறாக, இங்கிலீஷிலேயே சொன்னாள்: புயல் முடிந்த கடல் எங்கள் அப்பாவைப் போல. ராத்திரி குடித்துவிட்டு வீட்டை நொறுக்குவார். காலையில் ஒன்றுமே செய்யாதவர் போலத் தூங்குவார்.

நான் அதை உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர், "அப்பா தினமும் குடிப்பாரா?" என்று கேட்டுச் சிரித்தார். பொடி சாரும் சிரித்தார். அவர் சிரித்தால் மூக்கிலிருந்து சத்தம் வரும், கூடவே வேறொன்றும் வரும். வயசுக்கு வந்த பெண் தன் வீட்டுச் சுவரைத் திறந்து காட்டியிருக்கிறாள், இரண்டு பெரிய மனுஷர்கள் விருந்துக்கு வாங்கிவைத்த வடையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சீ என்று வந்தது. இப்போதும் வருகிறது.

இன்ஸ்பெக்டர் போனதும் பொடி சார் அவளை நிற்கவைத்தார். "இது என்ன சாராயக்கடை இங்கிலீஷ்? கைடுல இருக்கா இது? இனிமே நீ சிமிலி இல்ல" என்றார். சிமிலியை வேறொருத்திக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அஞ்சலையை அவர் கூப்பிடவே இல்லை. கூப்பிடப் பெயர் வேண்டுமே.

முழுப்பரீட்சையில் உவமைக்கு உதாரணம் கேட்டிருந்தார்கள். வெளியே வந்ததும், "சிங்கத்தத்தானடி எழுதின?" என்று கேட்டேன்.

"சிங்கத்த நான் எங்கடி பாத்தேன்? கடலத்தான் எழுதுனேன்" என்றாள்.

அடிப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். பொடி சார் அந்த விடையைக் குறுக்கே அடித்ததோடு நிற்கவில்லை. மற்ற விடைகளிலும் கையை இறுக்கி, பாஸ் மார்க்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவளை நிறுத்திவிட்டார். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

அந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள். கைடு போட்ட கம்பெனி மூடியாயிற்று. பொடி சார் ரிடையரானபோது சந்தன மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பாழாய்ப்போன அந்தச் சிங்கம் மட்டும் சாகாமல் நேற்று என் வீட்டுக்குள் கலர் அட்டையில் வந்து நிற்கிறது.

மனசு கேட்காமல் இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலை அங்கேதான் மீன் விற்கிறாள். சுனாமியில் அவள் தெருவும் போனது, மூத்த மகனும் போனான். "வாங்க ஜெரண்டு, கெழங்கா மீனு நல்லாருக்கு" என்றாள். வாடி போடி என்று பேசியவள் எப்போது என்னை வாங்க என்று சொல்ல ஆரம்பித்தாள் என்று ஞாபகமில்லை. அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் அன்றைக்குச் சொன்ன வாக்கியத்தை, நாற்பது வருஷமாக நான் மனசில் வைத்திருந்ததை, அப்படியே சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தது வரை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

செதில் எடுத்த கை நின்றது.

"அது தப்புங்க. நாந்தான் தப்பா எழுதிட்டேன். எங்கப்பா ராத்திரி ஒடச்ச சட்டிக்கு, மறுநாளு சாயங்காலம் வாயே தொறக்காம ஒரு புதுச் சட்டி வாங்கியாந்து வச்சிடுவாரு. இந்தக் கடலு எதங்க கொண்டாந்து வச்சுது?"

மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.